காலி வீட்டில் தாளிப்பு வாசம்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் எனக்குப் பிரியாவிடை விருந்து கொடுத்தார்கள். வீடு விற்பதும் வாடகைக்கு விடுவதுமான எங்கள் ஏஜென்சியின் இளம் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். ரசம் ஊற்றும் நேரத்தில், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஷாமினி தன் கைப்பேசியை என் இலைக்கு மேலே நீட்டினாள். அலுவலகத்தின் புதிய செயலி அது. வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர் நிரப்ப வேண்டிய கட்டங்கள் வரிசையாக இருந்தன. எத்தனை அறை, எத்தனை கார் நிறுத்தலாம், நாய்க்கு அனுமதி உண்டா, எந்த இனத்தவருக்குக் கொடுப்பீர்கள்.

"ஆன்டி, இந்தக் கட்டத்துல ஓனர் 'இந்தியர் வேணாம்'னு போட்டா நான் என்ன செய்யறது?"

"முதல்ல போனை எடு, ரசம் பட்டுரும்" என்றேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்க மூன்று டம்ளர் மோர் ஆனது. எழுதியே கொடுங்கள் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

இருபத்தெட்டு வருடம் நான் வீட்டு ஏஜென்டாக இருந்தேன். பங்சார், டமன்சாரா ஹைட்ஸ், பின்னால் மொன்ட் கியாரா. கோலாலம்பூரில் காசுள்ளவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், ஏன் வந்தார்கள், எப்போது போவார்கள் என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். நான் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். எங்கள் வீட்டிலிருந்து பங்சார் மேடு காடியில், அதாவது காரில், பத்து நிமிடம்தான். ஆனால் முப்பத்து நான்கு வயது வரை அந்த மேட்டு வீடுகளில் ஒன்றுக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை.

அதற்கு முன் ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். பக்கத்துக் குவாட்டர்ஸ் சீனக் குடும்பத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் கான்டனீஸ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. போனில் பேசினால் என்னைச் சீனப் பெண் என்றே நினைத்துக்கொள்வார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நவரத்தினம் சார் என்னை வேலைக்கு எடுத்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்கத்தில் சொத்து மதிப்பீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, சொந்தமாக ஏஜென்சி வைத்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் சீவிய பென்சில் இரண்டு. பேனாவால் எழுதினால் திட்டுவார். வீட்டைப் பற்றி எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே கேள்விதான்.

"நீர் பாத்தனீரோ, இல்லாட்டி ஆரும் சொன்னவையோ?"

அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரு வீட்டை வாடகைக்கோ விற்பனைக்கோ எடுத்தால், ஏஜென்ட் அந்தக் காலி வீட்டில் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அதற்கென்று ஆளுக்கொரு மடக்கு முக்காலி வாங்கிக் கொடுத்திருந்தார். உட்கார்ந்து மூன்றே விஷயத்தை எழுத வேண்டும். தண்ணி, வெயில், அயல். எல்லாக் குழாயையும் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். வெயில் எந்த அறையில் எப்போது விழுகிறது என்று குறிக்க வேண்டும். அயல் என்றால் அக்கம்பக்கத்தார். அவர்கள் வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு, குப்பைத் தொட்டியில் என்ன, கொடியில் யார் துணி என்று பார்த்து எழுத வேண்டும். ஒருவரையும் கேட்கக் கூடாது.

அப்படிப் பார்த்துத்தான் அந்த மேட்டை நான் படித்தேன். பங்களாக்களில் இருந்தவர்கள் பழைய டாக்டர்கள், பழைய வக்கீல்கள். பிள்ளைகள் மெல்பர்னிலும் லண்டனிலும் இருப்பார்கள். வாசலில் எப்போதும் இரண்டே ஜோடிச் செருப்பு, அதிலும் ஒன்று பணிப்பெண்ணுடையது. வரிசை வீடுகளில் ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகஸ்தர்கள். வாங்கிய காலத்தில் யாரும் சீந்தாத வீடு, பிறகு விலையைக் கேட்டால் அவர்களே பயப்படுவார்கள். கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகளில் வெளிநாட்டுக்காரர்கள். கச்சா எண்ணெய் விலை இறங்கினால் அடுத்த மாதமே லிஃப்டில் பெட்டி கட்டி இறங்கிவிடுவார்கள். ஜப்பானியர் காலை ஓட்டத்துக்கான பாதையைப் பார்த்து வீடெடுப்பார்கள், கொரியர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பார்த்து. எல்லாம் எனக்கு அத்துப்படி.

ஆனால் ஒன்றை மட்டும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன். உரிமையாளர்கள் போனில் என்னைச் சீனப் பெண் என்று நினைத்து மனம் விட்டுப் பேசுவார்கள். "இந்தியர் வேண்டாம், சரியா?" என்பார்கள். "சரி" என்பேன். எங்கள் படிவத்தில் இனம் என்று ஒரு வரி இருந்தது. அதில் குறித்துக்கொள்வேன். நம் ஆட்கள் வீடு கேட்டு வந்தால் அந்த வீடுகளைக் காட்டவே மாட்டேன். அவர்கள் மனம் நோகாமல் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உரிமையாளரை நேரில் பார்க்கப் போகும்போது காடிக் கண்ணாடியைப் பார்த்து நெற்றிப் பொட்டை அழிப்பேன். ஒருநாள் அவசரத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டு அலுவலகம் திரும்பியபோது நவரத்தினம் சார் நிமிர்ந்து பார்த்தார்.

"நெத்தியில என்ன பிள்ளை, காயமோ?"

அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டுப் பென்சில் சீவப் போய்விட்டார்.

இப்படி இருந்தபோதுதான் சுப்ரா வந்தார்.

கிள்ளான் பக்கத்துத் தெலுக் பங்லிமா காராங்கில் அவருக்கு லோரி கம்பெனி. கழுத்தில் கனமான சங்கிலி, காலில் ரப்பர் செருப்பு, கக்கத்தில் ஒரு பை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவரைப் பார்த்து நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டெலிவரியா அண்ணே? அங்கே ஓரமா வைங்க" என்றேன்.

"டெலிவரி இல்லக்கா. வாடகைக்கு வீடு வேணும்" என்றார் சிரித்துக்கொண்டே.

பின்னால் அவர் மனைவி மல்லிகா, அவள் கையில் ஆறு வயதுப் பெண் குழந்தை. பெயர் யாழினி. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அறுவை செய்து காதுக்குள் கருவி வைத்திருந்தார்கள், காதோரம் ஒரு சின்ன வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. கருவி வைத்தால் போதாது, கேட்கவும் பேசவும் பழக்க வேண்டும். அந்தப் பயிற்சி நிலையம் பங்சாரில். வாரத்தில் ஐந்து நாள்.

"காலையில ரெண்டு மணி நேரம் டிராஃபிக் ஜேம்லயே உக்காந்து வரோம்க்கா" என்றாள் மல்லிகா. "இங்க வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை தூங்கிருது. எழுப்பி உள்ள அனுப்பினா அழுவுது. டீச்சரம்மா சொல்லிட்டாங்க, பக்கத்துல வீடு பாருங்க, இந்த ரெண்டு வருஷத்தை விட்டா பேச்சு வர்றது கஷ்டம்னு."

குழந்தை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். அவள் என் வாயைப் பார்த்துவிட்டு "தண்" என்றாள். பாதிச் சொல்தான் வந்தது.

அந்த மாதம் ஏழு உரிமையாளர்களுக்குப் போன் போட்டேன். ஏழு பேரும் முதலில் கேட்டது "என்ன இனம்?" என்றுதான். ஒரு வருட வாடகையை முன்பணமாகத் தருகிறேன் என்றார் சுப்ரா. அதைச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நான் அவரிடம் சொன்னது, "அந்த வீடு போயிருச்சு அண்ணே."

ஏழாவது முறை அவர் நேரே அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"அக்கா, போயிருச்சுன்னு சொன்ன வீட்ல எல்லாம் 'வாடகைக்கு'ங்கிற பலகை இன்னும் தொங்குது. நான் லோரிக்காரன்லா, ரோட்டுல உள்ள பலகையெல்லாம் படிச்சிருவேன். வெள்ளைக்காரன் பொய் சொல்லட்டும், சீனன் சொல்லட்டும். நீங்க நம்ம ஆளு. நீங்களே பொய் சொன்னா நான் யாருகிட்ட போய்க் கேக்குறது?"

அவர் போனபின் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் மேல்தான் வந்தது.

எட்டாவது வீடு மிசஸ் சோங் என்கிற விதவை அம்மாவுடையது. நான்காவது மாடி கொண்டோ. பயிற்சி நிலையத்துக்கு நேர் பின்னால், குழந்தையை நடத்தியே கூட்டிப்போகலாம். அந்த அம்மா போனில் சொன்னார்: "யாருக்கு வேணும்னாலும் கொடு, இந்தியருக்கு மட்டும் வேண்டாம். முன்னே ஒருத்தர் இருந்தார். அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. இன்னும் சமையலறைச் சுவர்ல கறி வாசம். ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சேன், கேபினட்டைப் பேர்த்துப் புதுசு போட்டேன். போகவே மாட்டேங்குது. அதுக்கப்புறம் வந்தவங்க யாரும் நிலைக்கலை."

வீடு ஐந்து மாதமாகக் காலி. படிவத்தை எப்போதும்போல நிரப்பி நவரத்தினம் சாரின் மேசையில் வைத்தேன். அவர் அதைப் படித்தார். பிறகு அலமாரியில் இருந்து என் பழைய படிவங்கள் ஒரு கத்தையை எடுத்துப் பக்கத்தில் அடுக்கினார்.

"உம்மட எல்லா வீட்டிலயும் தண்ணி ஒரே மாதிரித்தான் வருது. அதிசயம்தான்."

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். உண்மைதான். அனுபவம் வந்துவிட்டது என்ற திமிரில் நான்கைந்து வருடமாக நான் எந்தக் கொண்டோவிலும் உட்கார்ந்ததே இல்லை. முக்காலி காடியின் பின்னால் தூசி பிடித்துக் கிடந்தது.

"சுவரில மணக்குதாம் எண்டு எழுதியிருக்கிறீர். நீர் மணந்து பாத்தனீரோ?"

"ஓனர் சொன்னாங்க சார்."

"அப்ப போய் இரும்."

மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்குப் போனேன். சமையலறை நடுவில் முக்காலியை விரித்து உட்கார்ந்தேன். சுவரை மோந்தேன், கேபினட்டை மோந்தேன், பாத்திரம் அலசும் தொட்டிக்குள் தலையை விட்டு மோந்தேன். பெயின்ட் வாசம் தவிர ஒன்றும் இல்லை. வெறுத்துப்போய் எழுந்திருக்கப் போனேன். அப்போது மணி ஆறு அடித்து ஐந்து நிமிடம் இருக்கும்.

முதலில் படபடவென்று மெல்லிய சத்தம். கடுகு வெடிக்கிற சத்தம் அல்லவா அது! அடுத்த நிமிடம் வெந்தயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழுந்த வாசம் குப்பென்று வந்தது. அடுப்பே இல்லாத, ஆளே இல்லாத வீட்டில் சுடச்சுடத் தாளிப்பு! எனக்குக் கை முடியெல்லாம் நட்டுக்கொண்டது. பேய் பிசாசு என்றுகூட நினைத்தேன், பேய் எதற்குக் கறிவேப்பிலை போடப்போகிறது என்று தெளிந்து, முக்காலி மேல் ஏறி மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். மேல்கூரைப் பலகையில், தண்ணீர்க் குழாய் இறங்குகிற இடத்தில், ஒரு விரற்கடை இடைவெளி. அதிலிருந்துதான் வாசமும் சத்தமும் கொட்டின.

லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி மேல் வீட்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவர் ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த முகம், பொன் தாடி. இடுப்பில் ஏப்ரன், கையில் கரண்டி. யென்ஸ் என்று பெயர், டென்மார்க்காரர், எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர். அந்த வீட்டில் ஆறு வருடமாக இருக்கிறாராம். என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மீன் கறி!" என்றார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. "பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடை அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். தினமும் ஏதாவது ஒரு கறி வைப்பேன். உள்ளே வாருங்கள், உப்பு சரியா என்று சொல்லுங்கள்."

உப்பு குறைவாகத்தான் இருந்தது. சொன்னேன். பிறகு அவர் அடுப்புக்கு மேலே இருந்த புகை உறிஞ்சியைப் பார்த்தோம். வீட்டைப் புதுப்பித்த கான்ட்ராக்டர், புகைக் குழாயை வெளிச்சுவர் வரை கொண்டுபோகச் சோம்பல்பட்டு, தண்ணீர்க் குழாய் இறங்கும் பொந்துக்குள் சொருகிவிட்டுப் போயிருக்கிறான். யென்ஸ் விசையைத் தட்டினால் அவர் கறிப்புகை முழுக்க மிசஸ் சோங் வீட்டுக்கு இறங்கும்.

அடுத்த நாள் சாயங்காலம் மிசஸ் சோங்கை வீட்டுக்கு வரச் சொன்னேன். காடியில் இருந்து இறங்கும் முன் கண்ணாடியைப் பார்த்தேன். கைப்பையில் இருந்து பொட்டு அட்டையை எடுத்து, இருப்பதிலேயே பெரிய சிவப்புப் பொட்டாகப் பார்த்து ஒட்டிக்கொண்டேன்.

அந்த அம்மா வாசலில் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். "ஏஜென்ட்... நீயா?"

"நான்தான் ஆன்டி, பத்மா" என்றேன் கான்டனீஸில். "உட்காருங்க."

முக்காலியில் உட்காரவைத்தேன். ஆறு மணியைத் தாண்டியதும் வாசம் இறங்கியது. அந்த அம்மா துள்ளி எழுந்தார்.

"பார்த்தியா! பார்த்தியா! நான் சொன்னா யாரும் நம்புறதில்லை. மூணு வருஷமா அந்த ஆளோட கறி!"

"இது மூணு வருஷக் கறி இல்ல ஆன்டி. மூணு நிமிஷக் கறி. என்கூட மேலே வாங்க."

யென்ஸ் கதவைத் திறந்தார். அன்று கோழி. மிசஸ் சோங் சட்டியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அந்தப் பெரிய வெள்ளைக்காரரைப் பார்த்தார். நான் குழாய் போகிற வழியைக் கையால் காட்டினேன். அவர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மனுஷன் தனி ஆள்" என்றார் பிறகு, மெதுவாக. "வீட்ல சமைக்கிறதே இல்லை, வெளியேதான் சாப்பிடறேன்னு என்கிட்ட எத்தனை தடவை சொன்னார்! நான் அவரைப் பொய்யன்னு சொல்லித் துரத்தினேன்."

எனக்கு அந்த நேரத்தில் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கப்பட்டு விட்டுவிட்டால் சுப்ராவுக்கு வீடு கிடைக்காது. "நான் சொல்ற குடும்பத்துக்குக் கொடுப்பீங்களா ஆன்டி?" என்று கேட்டேன்.

"அவங்க சமைப்பாங்களா?"

பழைய பத்மாவாக இருந்திருந்தால், அதிகம் சமைக்கமாட்டார்கள் என்று குழைந்திருப்பேன். அன்று நிமிர்ந்து நின்று சொன்னேன். "சமைப்பாங்க. தினமும் தாளிப்பாங்க. இதோ இவரும் ஆறு வருஷமா தினமும் தாளிக்கிறார். இவரை யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா?"

யென்ஸுக்குக் கான்டனீஸ் தெரியாது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு கிண்ணத்தில் கறியைக் கொண்டுவந்து வைத்தார். மிசஸ் சோங் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எங்கே இருக்காங்க அவங்க?"

கீழே தங்கள் காடியில்தான் இருந்தார்கள். நடந்தால் நடக்கட்டும் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கூப்பிட்டதும் மூவரும் மேலே வந்தார்கள். யாழினி மிசஸ் சோங்கின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா குழந்தையின் காதோரக் கருவியைப் பார்த்தார், சுப்ராவின் சங்கிலியைப் பார்த்தார், மல்லிகாவின் கண்ணைப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் பொறுங்க" என்றார் மலாயில். "அந்தக் குழாயை அடைச்சுட்டுச் சாவி தரேன். புகை பிள்ளைக்கு ஆகாது."

சுப்ரா என் பக்கம் திரும்பி, "அக்கா" என்றார். பலகையெல்லாம் படிக்கிற மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிசஸ் சோங் போகும்போது, பழைய வாடகைக்காரரின் எண் என்னிடம் கிடைக்குமா என்று கேட்டார். தேடிக் கொடுத்தேன். பேசினாரா, என்ன பேசினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் நவரத்தினம் சார் என் படிவத்தை வாங்கிப் படித்தார். அயல் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தேன்: "மேல் வீடு, டென்மார்க்காரர், வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. மீன் கறி. உப்புக் குறைவு." அத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்ததும் அலமாரியைத் திறந்து அச்சடித்த வெற்றுப் படிவங்களை எல்லாம் எடுத்தார். அளவுகோலை வைத்து, இனம் என்ற வரி மேல் ஒவ்வொன்றிலும் தானே கோடு கிழித்தார்.

"இதை அச்சடிச்சது நான்தான் பிள்ளை. பிழை என்னிலயும் இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் யாராவது "இந்தியர் வேண்டாம்" என்றாலோ வேறு எந்த இனத்தை வேண்டாம் என்றாலோ, "வந்து ஆளைப் பாருங்க, பிறகு சொல்லுங்க" என்போம். சிலர் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும். வந்து பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பங்சாரில் எங்கள் பலகை தொங்காத தெரு இல்லை என்கிற காலமும் வந்தது. நவரத்தினம் சார் அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

இவ்வளவையும் ஷாமினியிடம் சொன்னேன். "செயலியில கட்டம் இருந்தா இருக்கட்டும். நீ ஓனருக்குப் போன் போடு. பொட்டு வெச்சுக்கிட்டு நேர்ல போ" என்றேன். மேனேஜரிடம் அந்தக் கட்டத்தைப் பற்றி நானே பேசினேன். வெளியே வாங்கிய செயலியோடு வந்த கட்டமாம், நீக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நீக்கும் வரை விடமாட்டேன், ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை.

போன திங்கட்கிழமை வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண்.

"பத்மா ஆன்டியா? யாழினி பேசறேன். சுப்ரா மக."

கையில் இருந்த கீரையை வைத்துவிட்டேன். பதினைந்து வருடம் ஓடிவிட்டது. பிள்ளை படித்து முடித்து வேலைக்குச் சேரப் போகிறாளாம். மிசஸ் சோங் வீட்டில் நான்கு வருடம் இருந்தார்கள், பிறகு கிள்ளானில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து பங்சாரில் ஒரு வீடு எடுக்க வேண்டுமாம்.

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு அப்பா சொன்னாங்க. இருந்தாலும் நீங்கதான் பாக்கணும்லா. ஓனர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க ஆன்டி, நாங்க தினமும் தாளிப்போம்."

உதட்டைப் பார்க்காமல் ஒரு சொல்லும் புரியாமல் நின்ற பிள்ளை, எங்கேயோ இருந்துகொண்டு, என் முகமே தெரியாமல், முழு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தாள். என் மௌனத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஆன்டி? லைன்ல இருக்கீங்களா? நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லாக் கேக்குது. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு வா. முக்காலி என் காடியிலதான் இருக்கு."